கடைசி வரிக்குக் கீழே

அத்தியாயம் 6

"என் மருமக சோம்பேறி. வாய் நீளம். ஒரு டம்ளரைக் கழுவினா தெருவுக்கே கேக்கற மாதிரி கழுவுவா. ஆனா திருடி இல்ல."

காலையில் இதைச் சொல்லிவிட்டுப் போன அம்மாள் நீதிமன்றத்தில் முப்பது வருடம் தட்டச்சு செய்தவர். சொன்னதோடு நிற்காமல் மூன்று பிரதிகள் அடித்தும் கொடுத்திருந்தார். ஒன்று இப்போது சோடாவின் சட்டைப் பையில் இருந்தது.

மணி இரண்டரை. தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தின் மாடியில், மேலாளர் அறையில், சோடாவும் அண்ணியும் உட்கார்ந்திருந்தார்கள்.

அண்ணி துப்பறிபவள். சோடா அவளுடைய கொழுந்தன், உதவியாள். வயது முப்பத்தாறு, இரண்டு பெண்களுக்கு அப்பா. மூடியைத் தட்டினால் பொங்குவான் என்பதால் அந்தப் பெயர். அண்ணன் மட்டும் இந்தத் தொழிலுக்கு வரவில்லை. வீட்டில் ஒருவராவது கேள்வி கேட்காமல் இருக்க வேண்டும் என்பான்.

மேலாளர் ஒழுங்கான மனிதர். மேஜையில் பென்சில்கள் உயரவாரியாக இருந்தன. பக்கத்தில் தட்டச்சு செய்த ஒரு கடிதம். சொந்தக் காரணங்களுக்காக வேலையிலிருந்து விலகுகிறேன் என்று இரண்டே வரி. அடியில் அந்த மருமகளின் பேர், அதற்கு மேல் கையெழுத்துக்கு இடம் காலியாக இருந்தது. நான்கு மணிக்கு அந்த இடம் நிரம்ப வேண்டும்.

"பாவம் மேடம் அந்தப் பொண்ணு," என்றார் மேலாளர். "முதலாளி போலீசுக்குப் போகணும்னு குதிச்சார். நான்தான் கைல கால்ல விழுந்து இதோட முடிச்சு வெச்சேன்."

"முதல்ல கையா, காலா?" என்றான் சோடா.

"ஒரு பேச்சுக்குச் சொன்னேன் தம்பி."

"குறிச்சுக்கத்தான் கேட்டேன்."

அண்ணி திரும்பிப் பார்க்கவில்லை. "நடந்ததை ஒரு தடவை சொல்லுங்க. எனக்குக் கம்ப்யூட்டர் தெரியாதுன்னு நெனைச்சுக்கிட்டு சொல்லுங்க. நிஜமாவே தெரியாது."

மேலாளர் சொன்னார். புதிதாகக் கட்டிய ஒரு குடியிருப்பின் கிணற்றுத் தண்ணீர் போன வாரம் சோதனைக்கு வந்தது. சாக்கடை கலந்திருந்தது. குடிக்க உதவாது என்று தலைமைப் பரிசோதகர் அறிக்கை எழுதினார். சனிக்கிழமை மதியம் ஒன்று இருபதுக்கு அவருடைய கணினியில் அந்த அறிக்கை மாறியது. குடிக்கலாம் என்று ஆனது. சாயங்காலம் கட்டடக்காரர் அதைக் காட்டி அனுமதி வாங்கினார். ஞாயிறு காலை நூற்று நாற்பது குடும்பங்களுக்குச் சாவி கொடுத்தார்.

தலைமைப் பரிசோதகர் சனிக்கிழமை ஊரிலேயே இல்லை. திங்கட்கிழமை வந்து பார்த்துத் தலையில் கை வைத்தார். அன்றே சரியான அறிக்கை போய்விட்டது. குடியிருப்புக்கு இப்போது லாரியில் தண்ணீர் போகிறது.

"அவர் இல்லாதப்ப அவர் கம்ப்யூட்டர்ல எப்படி?"

"வெளியிலேருந்து. ரிமோட் டெஸ்க்டாப்னு ஒண்ணு இருக்கு மேடம். எங்கேயோ உட்கார்ந்துக்கிட்டு இங்க இருக்கிற கம்ப்யூட்டர்ல வேலை பாக்கலாம். திரை அவங்க வீட்டுல தெரியும். ஃபயர்வால்னா வெளியாளை உள்ள விடாத காவல். அதுல ஒரு போர்ட் திறக்கணும். போர்ட்னா கதவு மாதிரி, நம்பர் போட்ட கதவு. இதுக்கு நம்பர் மூவாயிரத்து முந்நூத்தி எண்பத்தொன்பது. எங்க எடத்துல அது எப்பவும் மூடித்தான் இருக்கும்." ஒரு தாளை நீட்டினார். "சனிக்கிழமை பதினொண்ணு நாப்பதுக்குத் திறந்திருக்கு. திறந்தது யாருன்னு பேரோட விழுந்திருக்கு."

தாளில் ஒரே ஒரு வரி, பெரிதாக்கி அச்சிடப்பட்டிருந்தது. பேர் ஒயரம்மாவுடையது. கட்டடத்தின் கணினிகளையும் ஒயர்களையும் ஃபயர்வாலையும் பார்த்துக்கொள்கிறவள், அதனால் அந்தப் பெயர். காலையில் வந்த அம்மாளின் மருமகள். திங்கட்கிழமை முதலாளி பதினான்கு பேரையும் நடைவழியில் நிற்கவைத்து அவள் பேரைச் சொன்னார். அதற்குப் பிறகு அவளை உள்ளே விடவில்லை.

"ஒண்ணு இருபதுக்கு நீங்க எங்க இருந்தீங்க?"

"இங்கதான் மேடம்." மேலாளர் முகம் மலர்ந்தது. "பன்னெண்டு மணிக்கெல்லாம் மத்தவங்க போயாச்சு. நான் கிளம்பினது ரெண்டு அஞ்சுக்கு. காவல்காரர் நோட்டுல இருக்கு. அதுவரைக்கும் ஒரு ஈ காக்கா மாடி ஏறல. அதனாலதான் உறுதியாச் சொல்றேன், வந்தவன் கம்பி வழியாத்தான் வந்திருக்கான்."

அண்ணி தாளைத் திருப்பிப் பார்த்தாள். "இது முழுசா?"

"தேவையான வரி மேடம்."

"தேவையில்லாததும் பாத்துடறேன். வழக்கம்."

மேலாளர் உடனே திரையைத் திருப்பிக் காட்டினார். சோடா அதைக் கவனித்தான். ஒளிக்கிறவன் அரை நொடியாவது யோசிப்பான். இவர் யோசிக்கவில்லை. கேட்டால் அலமாரியையும் திறந்து காட்டுவார் போலிருந்தது.

ஃபயர்வாலின் விதிகள் வரிசையாக இருந்தன. மொத்தம் இருபத்து மூன்று வரி. கடைசி வரி, தாளில் இருந்த அதே வரி. ஒவ்வொரு வரியின் முடிவிலும் ஒரு எண். சிலதில் ஆயிரம், சிலதில் லட்சம். இருபத்திரண்டாவது வரியில் எண் பெட்டிக்குள் அடங்காமல் வெளியே வழிந்தது. இருபத்து மூன்றாவதில் பூஜ்யம்.

"இந்த நம்பர் என்ன?"

"அது ஏதோ கணக்கு மேடம். நான் அவ்வளவு உள்ள போனதில்ல."

அண்ணி கைப்பேசியில் படம் எடுத்து சோடாவிடம் கொடுத்தாள். "வீட்டுக்கு ஒரு போன் பண்ணிட்டு வா."

சோடா எழுந்தான். அண்ணி எந்த வழக்கிலும் வீட்டுக்குப் போன் பண்ணச் சொன்னதில்லை.

வழியில் கூடத்துக்குள் எட்டிப் பார்த்தான். அலமாரி முழுக்கத் தண்ணீர்ப் பாட்டில்கள். ஒவ்வொன்றின் மூடியிலும் சிவப்புச் சீல், சீலில் எண். வெள்ளை அங்கி போட்ட ஒரு பெண் சொட்டு எண்ணிக்கொண்டிருந்தாள்.

"குடிக்கத் தண்ணி கிடைக்குமா?"

"இங்க யாரும் தண்ணி குடிக்கறதில்ல சார். வேலைக்குச் சேர்ந்த மூணாம் மாசமே விட்டுடுவாங்க."

கையெழுத்துக்காக வரச் சொல்லியிருந்த ஒயரம்மா மாடிப்படியின் அடிப் படியில் உட்கார்ந்திருந்தாள். மடியில் பை. பைக்கு வெளியே ஒரு கம்பிச்சுருள் நீட்டிக்கொண்டிருந்தது.

"உங்க மாமியார் அனுப்பின ஆளு," என்றான் சோடா.

"அவங்களா?" அவள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "நான் திருடல."

"அது மூணு பிரதியில எழுத்தா இருக்கு. இதைப் பாருங்க."

அவள் படத்தைப் பெரிதாக்கினாள். மேலிருந்து கீழே போனாள். கடைசி வரியில் நின்றாள். முகம் சிவந்தது.

"இதுவா? இதையா நான் போட்டேன்னு சொன்னாங்க?"

"இதைத்தான். ஏன்?"

"எனக்கு ஒரு வரியை மட்டும் வெட்டித்தான் காட்டினாங்க. முழுசா இப்பத்தான் பாக்கறேன். திருடின்னு சொன்னதைக்கூடப் பொறுத்துக்கலாம் சார். இவ்வளவு கேவலமான வேலையை என் பேர்ல எழுதியிருக்காங்களே." விரலால் திரையைக் குத்தினாள். "மூவாயிரத்து முந்நூத்தி எண்பத்தொன்பதை அப்படியே வெளிய காட்டியிருக்கு. திருடன் முதல்ல தட்டிப் பாக்கற கதவே அதுதான். விவரம் தெரிஞ்சவங்க வெளிப்பக்கம் வேற நம்பர் கொடுப்பாங்க. இன்ன எடத்துலேருந்து வந்தா மட்டும் விடுன்னு எழுதுவாங்க. இதுல ஒண்ணும் இல்ல. அது போகட்டும், எங்க போட்டிருக்குன்னு பாத்தீங்களா?"

"கடைசியில."

"ஃபயர்வால் மேலேருந்து ஒவ்வொரு வரியாப் படிச்சுக்கிட்டே வரும். வந்தவனுக்குப் பொருந்தற வரி கிடைச்சதும் அங்கேயே நிறுத்திடும். இருபத்திரண்டாவது வரி என்ன சொல்லுது?"

சோடா படித்தான். "யாராயிருந்தாலும், எதுவாயிருந்தாலும், விடாதே."

"அது எல்லாருக்கும் பொருந்தும். அதுவரைக்கும் வந்தவன் அதைத் தாண்ட மாட்டான். அதுக்குக் கீழ என்ன எழுதினாலும் செவிடன் காதுல ஊதின சங்குதான். புதுசாச் சேர்த்தா அது தானா கடைசியில போய் உட்காரும். நாமதான் பிடிச்சு மேல ஏத்தணும். ஏத்தத் தெரியாத ஆளு யாரோ எங்கேயோ படிச்சுட்டுப் போட்டிருக்கு."

"பூஜ்யம்?"

"அந்த வரி வழியா இதுவரைக்கும் எத்தனை பேர் போயிருக்காங்கன்னு கணக்கு."

சோடா கைப்பேசியை வாங்கிப் பூஜ்யத்தின் மேல் விரலை வைத்தான்.

"அப்ப சனிக்கிழமை வெளியிலேருந்து..."

"கொசுகூட வரல. அது கதவில்ல சார். சுவத்துல வரைஞ்ச கதவு."

"பதினொண்ணு நாப்பதுக்கு நீங்க எங்க?"

"வரவேற்பறை மேஜைக்கு அடியில. கம்பி மாத்திக்கிட்டிருந்தேன். கால் மட்டும் வெளிய தெரிஞ்சிருக்கும். காலை வெச்சு யார் சாட்சி சொல்லுவாங்க?"

"உங்க பாஸ்வேர்ட் வேற யாருக்காவது?"

"உறையில போட்டு, சீல் ஒட்டி மேலாளர் கிட்ட கொடுத்திருக்கு. நான் திடீர்னு செத்துட்டா வேணுமாம். சேர்ந்த வாரமே வாங்கிட்டார். ரெண்டு வருஷம் ஆச்சு."

சோடா படியேறினான். பாதியில் நின்று, திரும்பாமலே கேட்டான்: "நாலு மணிக்குக் கையெழுத்துப் போட்டுட்டா?"

"போட்டா நான்தான் செஞ்சேன்னு ஆயிடும். போடலைன்னா போலீஸ். இந்த வேலைக்கு நம்பிக்கைதான் சார் சான்றிதழ். இன்னொரு எடத்துல சாவியை எவன் கொடுப்பான்?"

அறையில் அண்ணியும் மேலாளரும் கல்யாணப் பேச்சில் இருந்தார்கள். மேலாளரின் ஒரே மகளுக்குச் சம்பந்தம் முடிவாகியிருந்தது. பையன் தங்கமாம். அண்ணி தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"போன் பண்ணியா?"

"பண்ணேன் அண்ணி. அண்ணன் கதவைத் திறக்கவே இல்லையாம்."

"திறக்கவே இல்லையா?"

"அது சுவத்துல வரைஞ்ச கதவாம். வெளியிலேருந்து ஒருத்தரும் உள்ள வரலையாம்."

"அப்ப வீட்டுக்குள்ள இருந்தவங்கதான்," என்றாள் அண்ணி. "சரி, போய்ப் பேசிக்கலாம்."

"வீட்டுல பிரச்சினையா மேடம்?" என்றார் மேலாளர், அக்கறையாக.

"சின்னதுதான். தீர்ந்துடும். அந்தப் பொண்ணோட பாஸ்வேர்ட் அவளுக்கு மட்டும்தான் தெரியுமா?"

மேலாளர் இதற்காகவே காத்திருந்தவர் போல அலமாரியைத் திறந்து ஓர் உறையை எடுத்துக் கொடுத்தார். பழுப்பு உறை. வாயில் சிவப்புச் சீல், எண் 61312.

"அவளே ஒட்டிக் கொடுத்தது மேடம். ரெண்டு வருஷம் ஆகுது. இன்னும் பிரிக்கல, பாருங்க. எங்க எடத்துல எதையும் சீல் இல்லாம வைக்க மாட்டோம். அப்படிப் பழகிட்டோம்."

அண்ணி உறையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். பிறகு மடியில் வைத்துக்கொண்டாள். "தம்பி, தாகமா இருக்குன்னியே."

சோடாவுக்கு அப்படிச் சொன்னதாக நினைவில்லை. ஆனாலும் எழுந்து போனான். கூடத்து அலமாரியில் சனிக்கிழமைப் பாட்டில்கள் ஒரு தட்டில் இருந்தன. ஒரு வாரம் வைத்திருந்துதான் கொட்டுவார்களாம். கடைசிப் பாட்டிலின் எண்ணைப் படித்தான். இன்னொரு தடவை படித்தான். தாகம் போய்விட்டது.

திரும்பி வந்து சொன்னான். "தண்ணி இருக்கு அண்ணி. அறுபத்தோராயிரத்து முந்நூத்திப் பதினொண்ணு வரைக்கும் இருக்கு."

மேலாளர் பென்சில்களைச் சரிசெய்தார். அவை ஏற்கெனவே சரியாகத்தான் இருந்தன.

நான்கு மணிக்கு முதலாளி வந்தார். ஒல்லியான மனிதர், எதையும் இரண்டு தடவை படிக்கிறவர். அவர் பின்னால் ஒயரம்மா வந்து கதவோரம் நின்றாள்.

"கையெழுத்து ஆச்சா?"

"அதுக்கு முன்னால ஒரு விஷயம்," என்றாள் அண்ணி. "சனிக்கிழமை வெளியிலேருந்து யாரும் உள்ள வரல."

திரையைக் காட்டினாள். ஒயரம்மா படியில் சொன்னதையே இங்கேயும் சொன்னாள், கேவலம் என்ற சொல்லை விடாமல். முதலாளி இருபத்து மூன்று வரியையும் படித்தார். மறுபடி முதலிலிருந்து படித்தார்.

"அப்ப ரிப்போர்ட்டை மாத்தினது?"

"அந்தக் கம்ப்யூட்டர் முன்னாடி உட்கார்ந்து மாத்தியிருக்காங்க. தலைமைப் பரிசோதகர் அதைப் பூட்டிட்டுப் போற வழக்கமில்லையாம், விசாரிச்சேன். அறைச் சாவி இருந்தாப் போதும். ஒண்ணு இருபதுக்கு மாடியில இருந்த ஒரே ஆள் யாருன்னு நோட்டுல இருக்கு."

ஒருவரும் மேலாளரைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அவருக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"நான் இருந்தேன்னு நானேதானே மேடம் சொன்னேன்," என்றார். "மடியில கனம் இருந்தாச் சொல்லுவேனா?"

"வந்தவன் வெளியாள்னு ஊர் நம்பற வரைக்கும் உள்ள இருந்தேன்னு சொல்றதைவிட நல்ல சாட்சி கிடையாது. அதான் கேக்கறதுக்கு முன்னாடியே நோட்டுல இருக்குன்னீங்க. கதவு திறக்கலைன்னு உங்களுக்குத் தெரியாது."

"அது சந்தேகம். சந்தேகத்துக்கு மருந்தில்ல. உறை பிரிக்காம இருக்கு. பாஸ்வேர்ட் இல்லாம நான் எப்படி?"

அண்ணி உறையை மேஜையில் வைத்தாள். "உங்க சீல் எல்லாம் ஒரே சுருள். ஒரு எண் முடிஞ்சு அடுத்த எண். ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி ஒட்டின உறையில சனிக்கிழமை எண் இருக்கு. அன்னிக்குக் கடைசிப் பாட்டிலுக்கு அடுத்தது."

"யாராவது ஒட்டியிருக்கலாம்."

"இருக்கலாம். சீல் ரெஜிஸ்டரைப் பாத்துடுவோம்."

சோடா அதைக் கொண்டு வந்திருந்தான். கனமான புத்தகம். அவனே பக்கத்தைத் திருப்பி முதலாளியின் முன்னால் வைத்தான். 61312. சனி, 11.50. பொருள்: இதர. பக்கத்தில் கையெழுத்து. மேலாளருடையது, சுத்தமாக, தேதியோடு.

முதலாளி இரண்டு தடவை படித்தார்.

"இதையும் எழுதினீங்களா?" என்றான் சோடா. முதல்முறையாக அவன் குரலில் கிண்டல் இல்லை. மரியாதைபோல ஒன்று இருந்தது.

"ஒரு எண் விட்டுப்போனா தணிக்கைக்காரன் கேப்பான்," என்றார் மேலாளர். சாதாரணக் குரலில்தான் சொன்னார். "நான் போட்ட விதி."

இருபத்தாறு வருடம் ஒரு சீலைக்கூடக் கணக்கில் தவறவிடாதவர். பொய் அறிக்கை கொடுத்த அன்றும் தவறவிடவில்லை.

"ஏன்?" என்றார் முதலாளி.

"அந்தக் கட்டடக்காரர் எனக்குச் சம்பந்தி ஆகப்போறவர் சார். பொண்ணைக் கொடுக்கற எடம். ஒரு நாளைக்கு மட்டும்னு கேட்டார். சாவி கொடுத்து முடிக்கிற வரைக்கும். அப்புறம் தப்புன்னு திருத்திக்கங்கன்னார். எப்படி மாட்டேன்னு சொல்றது?"

"நூத்தி நாப்பது குடும்பம்."

"கொதிக்க வெச்சுக் குடிப்பாங்கன்னு நெனைச்சேன்."

தண்ணீரைப் பற்றி அந்த அறையில் அவரைவிட அதிகம் தெரிந்தவர் இல்லை.

முதலாளி ராஜினாமாக் கடிதத்தை எடுத்தார். வழக்கம்போல இரண்டு தடவை படித்தார்.

"பேரை மட்டும் மாத்தி அடிச்சாப் போதும் சார்," என்றான் சோடா. "சொந்தக் காரணம்னுதானே எழுதியிருக்கு. பொருந்துது."

"போலீஸ் வரட்டும்," என்றார் முதலாளி. கடிதத்தை நான்காகக் கிழித்தார். பிறகு ஒயரம்மாவைப் பார்த்தார். "நீ நாளைக்குக் காலையில வேலைக்கு வந்துடும்மா. நடந்ததை மறந்துடு."

ஒயரம்மா நகரவில்லை.

"திங்கட்கிழமை பதினாலு பேரையும் நிக்கவெச்சுச் சொன்னீங்க சார்."

"ஆமா."

"அதே மாதிரி நிக்கவெச்சுச் சொல்லுங்க."

"சொல்றேன்மா. நாளைக்கு எல்லாரும் வந்ததும்..."

"இன்னிக்கு. அஞ்சு மணிக்குக் கிளம்பிடுவாங்க. கிளம்பினா இன்னொரு ராத்திரி பதினாலு வீட்டுல நான் திருடிதான்."

முதலாளி அண்ணியைப் பார்த்தார். அண்ணி ஜன்னலைப் பார்த்தாள். முதலாளி நடைவழிக்குப் போய் மணியை அழுத்தினார்.

வெள்ளை அங்கிகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. சொட்டு எண்ணிக்கொண்டிருந்த பெண் கண்ணாடிக் குழாயைக் கையில் பிடித்தபடியே வந்தாள். தலைமைப் பரிசோதகர் மூக்குக்கண்ணாடியைத் தேடிக்கொண்டு வந்தார். கீழேயிருந்து காவல்காரர் ஏறி வந்து கடைசியில் நின்றார். மேலாளர் தன் அறையிலேயே உட்கார்ந்திருந்தார். கதவு திறந்திருந்தது.

முதலாளி பேசினார். நான்கு வாக்கியம். சனிக்கிழமை நடந்ததற்கும் இந்தப் பெண்ணுக்கும் சம்பந்தமில்லை. விசாரிக்காமல் சொன்னது என் தப்பு. வேறு ஆள் யாரென்று தெரிந்துவிட்டது. இவரிடம் நான் மன்னிப்புக் கேட்கிறேன்.

குழாயிலிருந்து ஒரு சொட்டு தரையில் விழுந்தது.

ஒயரம்மா தலையை நிமிர்த்தி, நின்றவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். அவள் பார்வை காவல்காரர் வரைக்கும் போய்த் திரும்பியது.

"பின்னாடி இருக்கறவங்களுக்குக் கேக்கல சார்," என்றாள்.

முதலாளி தொண்டையைச் செருமிக்கொண்டு முதல் வாக்கியத்திலிருந்து மறுபடி ஆரம்பித்தார்.